தென்னங்கன்றில் கரையானா?

நன்றாக இருந்த கன்றின் நடுக்குருத்து வாடினால், தண்ணீர் போதவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அடிமண்ணைக் கிளறிப் பாருங்கள். தேங்காய் மட்டை அரிக்கப்பட்டு மண் அப்பியிருந்தால் கரையான்தான். பல தோப்புகளில் மக்காத எருவே அதற்கு விருந்து வைக்கிறது. மக்கிய தொழுவுரம் மட்டும் போடுங்கள். காய்ந்த கட்டை, மட்டைகளை அகற்றுங்கள். நாற்றங்காலில் நெற்றுகளின் மேல் ஆற்றுமணல் பரப்பலாம்.

வளர்ந்த மரத்தில் மண்பூச்சு ஏறினால் சுரண்டிவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 50 மி.லி. வேப்பெண்ணெய் கலந்து, அடியிலிருந்து 2 மீட்டர் உயரம் வரை தடவுங்கள். கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் சேருங்கள். இல்லையென்றால் எண்ணெய் தனியாக மிதக்கும்.

வயலில் புற்று இருந்தால் மேலே இடிப்பது வீண்வேலை, மறுபடி கட்டிவிடும். ராணி கிடக்கும் அறை வரை தோண்ட வேண்டும். வெளிறிய பருத்த வயிற்றோடு நகர முடியாமல் கிடக்கும், பார்த்ததும் தெரியும். காட்டுக்குள் இருக்கும் புற்றைத் தொடாதீர்கள்; அங்கே பட்ட மரத்தை மண்ணாக்குவது கரையான்தான். எந்தப் புற்றானாலும் கையை விடாதீர்கள், பாம்பு இருக்கலாம்.