மாசி அறுப்பும் மழைக் கணக்கும்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் தை கடைசியில் தொடங்கி பங்குனி வரை அறுப்புக்கு வரும். அந்த நாட்களில் அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும்: "தை பொறந்துட்டுல்லா, இனி மழை எங்க வரப்போவுது?" இதை நம்பி நெல்லைக் களத்தில் திறந்தபடி குவித்துவைப்பவர்கள் உண்டு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். ஓர் இரவு மழை போதும், ஒரு போகத்தின் உழைப்பு விலை இழக்க.

வானிலைத் துறையின் கணக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம். இது புள்ளிவிவரத்துக்காகப் போட்ட கோடு. மழைக்கு அந்தக் கோடு கிடையாது. 2021 பொங்கலை எந்தத் திருநெல்வேலிக்காரரும் மறந்திருக்க மாட்டார். அணைகள் நிரம்பித் தாமிரபரணியில் வெள்ளம் போனது, குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்தது. ஜனவரியில் வழக்கமாகப் பெய்வதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான மழை தமிழகத்தில் அந்த மாதம் பெய்தது. பருவமழை விலகியதாக அறிவிப்பு வந்ததே ஜனவரி 19-ஆம் தேதிதான். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் இலங்கையைக் கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், காவிரிப் படுகையில் அறுப்புக்கு நின்ற சம்பாவைச் சாய்த்துவிட்டது.

காரணம் எளிது. தை, மாசியிலும் தென் வங்கக் கடலில் கிழக்குக் காற்று நிற்பதில்லை. அதில் ஓர் அலையோ சுழற்சியோ கிளம்பி இலங்கையைத் தாண்டி குமரிக் கடல் பக்கம் வந்தால், ஈரக்காற்று நேராக வந்து பொதிகை மலையின் கிழக்குச் சரிவில் ஏறும். ஏறிய காற்று குளிர்ந்து மழையாகும். வானொலியில் வரும் "கிழக்கு திசைக் காற்றில் ஏற்பட்டுள்ள வேக மாறுபாடு காரணமாக" என்ற வாசகத்தின் பொருள் ஏறக்குறைய இதுதான். அதைக் கேட்டால் அறுவடைக்காரர் காது கொடுக்க வேண்டும்.

அடுத்த நம்பிக்கை இன்னும் பரவலானது: "மழைன்னு சொன்னான், இங்க வெயில்தான் அடிக்கி." பாளையங்கோட்டையில் வெயில் அடித்த அதே மதியம் மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளில் மழை கொட்டியிருக்கலாம். இரண்டும் ஒரே மாவட்டம். "ஓரிரு இடங்களில்" என்று வானிலை மையம் சொன்னால், மாவட்டத்தின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கில் மழை பதிவாகும் என்று அர்த்தம். "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கு மேல். ஆக, "ஓரிரு இடங்களில்" என்ற அறிவிப்பைக் கேட்ட பலருக்கு அன்று நனையாமலிருப்பதே வழக்கம். அறிவிப்பு பொய்த்துவிட்டது என்று ஆகாது. மலையில் எஸ்டேட்டுகள், அடிவாரத்தில் பாபநாசம், சமவெளியில் நெல்லை, கடலோரத்தில் புன்னைக்காயல் என்று ஒரு சிறிய ஆற்றின் போக்கிலேயே இத்தனை வேறுபாடு. மாவட்டத்துக்கென்று ஒரே வாக்கியத்தில் வரும் முன்னறிவிப்பால் இதையெல்லாம் காட்ட முடியாது. அந்தக் குறை உண்மையானது.

"புயல் ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்பது இவற்றில் மிக ஆபத்தானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக் கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவானது. ஓர் ஆண்டில் பெய்வதைவிட அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது. சிவப்பு எச்சரிக்கை பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்குரிய அதிகனமழை என்ற வகை 20.4 செ.மீ.க்கு மேல் தொடங்குகிறது. அதற்கு மேல் உச்சவரம்பே கிடையாது. 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் ஒரே நிறம்தான். ஆகவே சிவப்பு என்று கேட்டதும் போன தடவை வந்த தண்ணீரை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

கர்ப்போட்டம் பார்ப்பவர்கள் இன்றும் தென்மாவட்டக் கிராமங்களில் இருக்கிறார்கள். மார்கழியின் பிற்பாதியில், சூரியன் பூராடத்தில் நிற்கும் சுமார் 14 நாட்களில் மேகம் 'கருக்கொள்வதை' வைத்து வரும் ஆண்டின் மழையைச் சொல்வது வழக்கம். வானத்தை நாள்தோறும் உற்றுப் பார்க்கும் அந்தப் பழக்கம் மதிப்புக்குரியது. கணக்குதான் இடிக்கிறது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, கருக்கொண்ட மேகம் 195 நாளில் பொழியும் என்கிறது. மார்கழிப் பிற்பாதியிலிருந்து 195 நாள் எண்ணினால் ஜூலை நடுவில் வந்து நிற்கும். அது வராகமிகிரர் வாழ்ந்த உஜ்ஜயினிக்கு மழைக்காலம். நெல்லைச் சமவெளிக்கோ மழை ஐப்பசி, கார்த்திகையில். அன்றன்றைய வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு அப்பால் கணிக்க முடியாது என்பதை 1960-களில் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் காட்டினார். ஒரு பருவத்தின் மொத்தப் போக்கை மட்டும் எல் நினோ போன்ற கடல் வெப்ப மாற்றங்களை வைத்து ஓரளவு சொல்லலாம்.

பனி கொட்டினால் மழை இல்லை என்பது அன்றிரவுக்கு மட்டும் சரி. வானம் தெளிந்திருந்தால்தான் தரை குளிர்ந்து பனி இறங்கும். நான்கு நாள் கழித்து வரும் சுழற்சியைப் பற்றி அந்தப் பனி எதுவும் சொல்லாது.

அறுப்பு மிஷினுக்கு நாள் சொல்பவருக்கு உதவுவது செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கை. 'மேகதூத்' செயலியில் தமிழிலேயே கிடைக்கும். அதைப் பார்த்து நாளைக் குறித்துவிட்டு, அறுப்பன்று காலையில் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளலாம். "வேக மாறுபாடு" என்ற சொல் காதில் விழுந்தால் அறுப்பை இரண்டு நாள் தள்ளிவைப்பதா, இருக்கிற நெல்லுக்குத் தார்ப்பாய் ஏற்பாடு செய்வதா என்று அன்றே முடிவெடுக்க நேரம் இருக்கும்.