அடையாற்றின் வாசலும் மடவை மீனும்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு செல்லும் பேருந்து திரு.வி.க. பாலத்தைக் கடக்கும்போது கிழக்குப் பக்கம் பாருங்கள். அகன்ற நீர்ப்பரப்பு தெரியும். அதன் முடிவில், சீனிவாசபுரத்திற்கும் ஊரூர் குப்பத்திற்கும் நடுவே ஆறு கடலைத் தொடுகிறது. சில நாட்களில் சிறு படகில் நின்றபடி ஒருவர் வீச்சு வலை எறிவதையும் காணலாம். ஒருநாள் வலை நிறைய மீன். மற்றொரு நாள் அதே இடத்தில், அதே வலையில் ஒன்றும் இல்லை. இது வெறும் அதிர்ஷ்டம்தானா? இல்லை. நிலவு, மழை, மணல், நீரில் கரைந்த ஆக்சிஜன் ஆகிய நான்குக்கும் இதில் பங்கு உண்டு.

மீன் ஏன் ஆற்றுக்குள் வருகிறது?

அமெரிக்காவின் ஆறுகளில் கிராப்பி என்றொரு மீன் உண்டு. குளிர்காலத்தில் ஆழத்தில் தங்கும் இது, வசந்தம் வந்து நீரின் வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸை எட்டியதும் முட்டையிடக் கரையோரத்திற்கு வருகிறது. அங்குள்ளவர்கள் படகில் சென்று தூண்டில் போடுவதும் அப்போதுதான். அவர்களுக்கு வெப்பமானியே நாட்காட்டி.

சென்னையில் நீர் அவ்வளவு குளிர்வதே இல்லை. இங்கே மீனின் நாட்காட்டி வேறு. மடவை மீனை எடுத்துக்கொள்வோம். அது முட்டையிடுவது கடலில். ஆனால் அதன் குஞ்சுகள் கழிமுகத்திற்குள் நுழைகின்றன. அங்கே அலை குறைவு, பெரிய மீன்களின் தொல்லை குறைவு, சேற்றில் பாசியும் மட்கிய பொருள்களும் ஏராளம். வளர்ந்தபின் அது மீண்டும் கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. வெள்ளை இறாலும் இப்படித்தான். ஆகவே கழிமுகம் என்பது கடல் மீன்களின் குழந்தைகள் காப்பகம். நம் கழிமுகங்களின் இவ்வளத்தை அறிவியலார் நெடுங்காலமாகவே கவனித்து வந்திருக்கிறார்கள். கேசவ பணிக்கர், கோபால அய்யர் என்னும் இரு விலங்கியலார் சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1937இலேயே வெளியிட்டனர்.

நிலவு திறக்கும் கதவு

நம் கடற்கரையில் நாளுக்கு இருமுறை கடல்மட்டம் உயர்ந்து தாழ்கிறது. இதுவே ஓதம். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். இன்று காலை 6 மணிக்கு ஏற்றம் என்றால், நாளைக் காலை சுமார் 6.50க்குத்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கதிரவனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் மிகுகிறது. மீனவர்கள் திதி பார்த்து வலையெடுப்பதன் காரணம் புரிகிறது அல்லவா?

ஏற்றத்தின்போது கடல்நீர் ஆற்றுக்குள் எப்படி நுழைகிறது? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அது நன்னீரைவிடக் கனமானது. எனவே அது அடியில் ஆப்பு போல நுழைய, நன்னீர் மேலே மிதக்கிறது. வீச்சு வலையின் விளிம்பில் ஈயக்குண்டுகள் கோத்திருப்பார்கள். வலை விரைந்து தரைவரை இறங்கி, அடியில் மேயும் மீனையும் வளைத்துக்கொள்ள இக்குண்டுகளே உதவுகின்றன.

மணல் மூடும் கதவு

காம்பே வளைகுடாவில் ஓதம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. சென்னையிலோ பௌர்ணமியன்றுகூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இந்தச் சிறு ஓதத்தால் வாசலில் சேரும் மணலை முழுவதும் அள்ளிச் செல்ல இயலாது.

மணல் எங்கிருந்து வருகிறது? மார்ச்சு முதல் அக்டோபர் வரை அலைகள் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையைத் தாக்கி, மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. துறைமுகத்தின் சுவர் இம்மணலைத் தடுத்ததால்தான் மெரினா கடற்கரை அகன்றது. அதே மணல் அடையாற்றின் வாயிலும் திட்டாகக் குவிகிறது. கோடையில் ஆற்றில் நீர்வரத்துக் குறைவதால் வாசல் ஒடுங்கி, சில ஆண்டுகளில் அடைபட்டும் போகிறது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம்தான் அதை மீண்டும் உடைத்துத் திறக்கிறது. அந்த வெள்ளத்தின் வலிமைக்கு, 1977ஆம் ஆண்டு வெள்ளத்தில் அறுந்துபோன உடைந்த பாலமே சாட்சி. 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மூச்சுத் திணறும் நீர்

வாசல் அடைபட்டால் குஞ்சு மீன்கள் உள்ளே வர வழியில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கும் மீன்களுக்குத்தான். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மி.கி. ஆக்சிஜன் உள்ளது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் இயல்பாகக் கரைந்திருக்கக்கூடியதோ சுமார் 7.5 மி.கி. மட்டுமே. கடல்நீரில் இன்னும் குறைவு. இந்தச் சிறிய கையிருப்பில்தான் மீன் வாழ வேண்டும்.

அடையாற்றில் நகரத்தின் கழிவுநீர் கலக்கிறது. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை வேகமாகச் செலவழிக்கின்றன. வாசல் திறந்திருந்தால் ஒவ்வோர் ஏற்றத்திலும் புதிய கடல்நீர் வந்து ஈடுசெய்யும். அடைபட்டால் ஈடு இல்லை. ஆக்சிஜன் 3 மி.கி. அளவுக்கும் கீழே இறங்கினால் பல மீன்கள் திணறுகின்றன. செத்து மிதப்பதும் உண்டு. இத்தகைய நீரிலும் தாக்குப்பிடிப்பது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

ஆகவே படகில் நிற்பவரின் வலையில் மடவையும் இறாலும் விழுவதும், ஜிலேபிக் கெண்டை மட்டுமே விழுவதும் அவர் திறமையைப் பொறுத்தது மட்டுமல்ல. வாசலையும் நீரையும் பொறுத்தது. வாசலை இயந்திரங்களால் தோண்டித் திறக்கிறார்கள். ஆனால் அலைகள் மீண்டும் மணலைக் கொண்டுவரும். கழிவுநீரைச் சுத்திகரித்த பின்பே ஆற்றில் விட்டால், வாசல் ஒடுங்கும் மாதங்களிலும் மீனுக்கு மூச்சு மிஞ்சும்.

செய்து பாருங்கள்

100 மி.லி. நீரில் மூன்றரை கிராம் (முக்கால் தேக்கரண்டி அளவு) உப்பைக் கரைத்து, இரண்டு சொட்டு மை விடுங்கள். இதை ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றுங்கள். அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகு வழியாக நல்ல நீரை மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். பிறகு கரண்டியால் கலக்குங்கள். கழிமுகத்தில் இந்தக் கலக்கும் வேலையைச் செய்பவை எவை?

சிந்தியுங்கள்

1. இன்று காலை 6 மணிக்கு ஏற்றம் எனில், ஏழு நாட்களுக்குப் பின் காலை ஏற்றம் எத்தனை மணிக்கு?

2. பாசி மிகுந்த நீரில் மீன்கள் விடியற்காலையில்தான் அதிகம் திணறுகின்றன. ஏன்? (குறிப்பு: இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. சுவாசம் உண்டு.)

3. ஒரு வாரம் பள்ளிக்குச் செல்லும் வழியில் பாலத்தின் நடைபாதையிலிருந்து ஆற்றைப் பாருங்கள். நீர் கடலை நோக்கிச் செல்கிறதா, உள்நோக்கி வருகிறதா? நேரத்தையும் திதியையும் குறித்து வையுங்கள். நீரில் மட்டும் இறங்க வேண்டாம். நீர் உள்நோக்கி வரவே இல்லை எனில், வாசலின் நிலைமை என்னவாக இருக்கும்?