நூல் நனையும் பாடம்: நனைப்பானைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கொட்டை நீக்கிய பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து ஒரு குவளை நீரில் இட்டுப் பாருங்கள், அது மிதக்கும். மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சை அதே நீரில் இட்டால் சில விநாடிகளில் அமிழ்ந்துவிடும். இரண்டும் பருத்தியே. வேற்றுமை எங்கே இருக்கிறது? முதற் பஞ்சின் ஒவ்வோர் இழையின் மீதும் மெல்லிய மெழுகு படிந்திருக்கிறது. எடையில் நூற்றுக்கு ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான் இம்மெழுகு. எனினும் நீரை உள்ளே விடாமல் தடுக்க அது போதும். மருந்துக் கடைப் பஞ்சோ காரத்தில் வேகவைத்து மெழுகு நீக்கப்பட்டது.

இம்மெழுகு வீணான பொருளன்று. நூற்பாலையில் இழைகள் ஒன்றோடொன்று வழுக்கிச் சென்று நூலாவதற்கு அது துணை செய்கிறது. ஆனால் அந்த நூல் சிட்டமாகி நம் சாயப்பட்டறைக்கு வரும்போது அதே மெழுகு இடையூறாகிறது. நனையாத இடத்தில் காரம் புகாது. காரம் புகாத இடம் வெளுக்காது. வெளுக்காத இடத்தில் சாயம் ஒருபடித்தாய் ஏறாது. சிட்டத்தின் கட்டுகளுக்கு அடியில் வெளிறிய திட்டுகளைக் காணாத சாயக்காரர் இல்லை. அத்திட்டு பாவிலே மறைந்து, துணியாக நெய்து முடித்த பின்னரே கண்ணுக்குப் புலனாகும். அப்போது துணி இரண்டாந் தரம் என ஒதுக்கப்படும். நெசவாளியின் உழைப்பும் சங்கத்தின் முதலும் ஒருங்கே நஷ்டமடையும். குற்றம் தறியில் இல்லை. நூல் நனைந்த தொட்டியில் இருந்தது என்பதைப் பல வேளைகளில் நாம் அறிவதே இல்லை. ஆதலின் நனைப்பானைப் பற்றி நாம் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

நனைப்பான் செய்யும் வேலை

சேம்பிலையின் மேல் விழுந்த நீர் பரவாமல் முத்தாக உருண்டு ஓடுகிறது. நீரின் அணுத்திரள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்பதே இதற்குக் காரணம். இந்தப் பற்றுக்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தூய நீருக்கு இது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 72 டைன். நல்ல நனைப்பானைச் சிறிதளவு கலந்தால் இது 30 டைனுக்கு அருகே இறங்கிவிடும். நனைப்பானின் ஒவ்வோர் அணுத்திரளுக்கும் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயையும் மெழுகையும் நாடும். இவ்விரு குணத்தால் அது மெழுகுக்கும் நீருக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கிறது; இழைகளுக்கு இடையே தங்கிய காற்று வெளியேற, நீர் உட்புகுகிறது.

நனைப்பானின் வகைகள்

பழமையானது சோப்பு. மென்னீரில் அது நன்றே வேலை செய்யும். ஆனால் நம்மில் பலருடைய கிணற்று நீர் உவர்ப்பும் கடினமும் உடையது. அந்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் கூடித் திரியாகப் பிரிந்து நூலில் ஒட்டிக்கொள்ளும். புளிப்பான நீரிலும் சோப்பு முறிந்துவிடும்.

அடுத்தது, சாயப்பட்டறைகளில் பலருக்கும் தெரிந்த டர்க்கி ரெட் ஆயில். இது 1870-களில் வழக்கத்துக்கு வந்தது. ஆமணக்கெண்ணெயைக் கந்தக அமிலத்துடன் குறைந்த வெப்பத்தில் சேர்த்து, கழுவி, பிறகு காஸ்டிக் சோடாவால் அமிலத்தைச் சமன் செய்து தயாரிக்கிறார்கள். ஆமணக்கு பயிரிடும் அங்கத்தினர்கள் தம் விளைபொருள் நெசவாளியின் தொட்டிக்கு வரும் வழிகளில் இது ஒன்று என்பதை அறிந்து மகிழலாம். கடின நீரைச் சோப்பைவிட இது நன்கு தாங்கும். வாட் சாயத்தையும் நாப்தாலையும் நீரில் கரைக்கும் முன் இவ்வெண்ணெயில் குழைத்துக்கொண்டால் கட்டி விழாது. ஆனால் கொதிக்கும் அமில நீரில் இது நிலைக்காது. மிக விரைந்து நனைக்கும் ஆற்றலும் இதற்கு இல்லை.

மூன்றாவது, செயற்கை நனைப்பான்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் கொழுப்புக்குப் பஞ்சம் உண்டானபோது நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருள்களைக் கொண்டு இவற்றைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று இவை மூன்று இனமாக விற்பனையாகின்றன. நீரில் எதிர்மின் ஏற்பவை ஓர் இனம். சோப்பும் டர்க்கி ரெட் ஆயிலும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. மின்னேற்றம் இல்லாதவை இரண்டாம் இனம். நேர்மின் ஏற்பவை மூன்றாம் இனம். சாயத்தைக் கெட்டிப்படுத்தும் மருந்துகளிலும் துணியை மென்மையாக்கும் மருந்துகளிலும் பல இதைச் சேர்ந்தவை. எதிர்மின் பொருளையும் நேர்மின் பொருளையும் ஒரே தொட்டியில் சேர்க்கலாகாது. இரண்டும் ஒன்றையொன்று பற்றிப் படிவாகி, நூலில் கறையாகும்.

வேலைக்கேற்ற தேர்வு

எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும் ஒரே நனைப்பான் என ஒன்று இல்லை. நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அது எந்தத் தொட்டியில் போகிறது என்பதே.

1. காஸ்டிக் சோடாவில் வேகவைக்கும்போது காரத்தையும் கொதியையும் தாங்குவது வேண்டும். மின்னேற்றமில்லாத இனம் சூடேறும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் பால்போல் கலங்கிவிடும். அதற்கு மேல் அதன் ஆற்றல் குன்றும். ஆகவே கலங்கும் வெப்பநிலையை வாங்கும் முன்பே கேட்டறிய வேண்டும்.

2. நூலுக்கு மெருகேற்றும் மெர்சரைசிங் வேலையில் காரம் மிகக் கடுமையானது. சாதாரண நனைப்பான் அதில் கரையாமல் மேலே பிரிந்து நிற்கும். அவ்வேலைக்கென்றே தயாரித்ததை வாங்க வேண்டும்.

3. பட்டுக்கு அமிலச் சாயம் ஏற்றும் தொட்டியில் அமிலத்தைத் தாங்கும் வகையே ஏற்றது.

4. சாயத் தொட்டியில் நுரை குறைவானதே நலம். நுரையில் அகப்பட்ட காற்று சிட்டத்துள் தங்கித் திட்டுகளை உண்டாக்கும்.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவோருக்கும் இதே விதிதான். உப்பிட்டு உலர்ந்த தோல் இழந்த நீரை மீண்டும் ஏற்பதற்கு, ஊறவைக்கும் தொட்டியின் உப்பைத் தாங்கும் நனைப்பான் தேவை. பின்னர் அமிலமும் உப்பும் சேர்ந்த தொட்டிக்குச் சோப்பு உதவாது.

நாமே செய்யக்கூடிய பரீட்சை

நுரை மிகுந்தால் சரக்கு நல்லது என்று எண்ணுவது தவறு. நுரை வேறு, நனைப்பு வேறு. சரியான பரீட்சை எளிது, செலவும் அற்பமே. வெளுக்காத நூலில் 5 கிராம் எடையுள்ள சிறு சிட்டம் ஒன்று கட்டிக்கொள்க. அதில் 3 கிராம் எடையுள்ள கம்பிக் கொக்கி ஒன்றை மாட்டுக. கொக்கியிலிருந்து சிறு நூலால் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, 500 மில்லிலிட்டர் அளவுக் குவளையில் இறக்குக. குண்டு அடியில் தங்க, சிட்டம் உள்ளிருக்கும் காற்றால் மேலே நிற்கும். காற்று வெளியேறியதும் சிட்டம் தாழ்ந்து, கட்டிய நூல் தளரும். அதற்கு எத்தனை விநாடி ஆயிற்று என்று குறித்துக்கொள்க. லிட்டருக்கு 1 கிராம் வீதம் ஒவ்வொரு நனைப்பானையும் மும்முறை சோதித்துச் சராசரி காண்க. இதை நம் கிணற்று நீரிலேயே, நம் தொட்டியின் காரத்தோடும் சூட்டோடும் செய்வது முக்கியம். விற்பவர் தூய நீரில் காட்டிய வித்தை நம் உவர்நீரில் பலிக்காமல் போகலாம்.

விலையையும் டப்பாவின் எடையைக் கொண்டு மதிப்பிடலாகாது. உதாரணமாக, ஒரு சரக்கு கிலோ 90 ரூபாய், அதில் செயல்படும் பொருள் நூற்றுக்கு 30 என்றும், மற்றொன்று கிலோ 150 ரூபாய், செயல்படும் பொருள் நூற்றுக்கு 60 என்றும் வைத்துக்கொள்வோம். முன்னதில் செயல்படும் பொருள் ஒரு கிலோவுக்கு 300 ரூபாய் ஆகிறது. பின்னதில் 250 ரூபாயே. மலிவாகத் தோன்றியதில் நாம் பெரும்பாலும் வாங்கியது தண்ணீர்! இந்த விகிதத்தை எழுத்தில் தராத வியாபாரியிடம் சங்கம் வாங்காதிருப்பதே நன்று.

அளவிலும் நிதானம் வேண்டும். வேகவைப்பதற்குப் பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் போதும். மிஞ்சினால் சில வகைகள் சாயத்தை நூலில் ஏறவிடாமல் நீரிலேயே பிடித்துக்கொள்ளும்.

கழிவுநீரும் கழனியும்

தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் இறுதியில் யாரோ ஒரு விவசாயியின் நிலத்தை அடைகிறது. நொய்யலாற்றின் கதையை நாம் அறிவோம். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் தேங்கி நிலங்கள் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அங்கே முதன்மையான கேடு உப்பே. ஆயினும் நனைப்பானிலும் தீங்கு விளைப்பவை உண்டு. நோனைல்பீனால் சேர்ந்த வகைகள் ஆற்றில் முற்றும் சிதையாமல், மீன்களுக்கு நஞ்சாகும் பொருளாக எஞ்சுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் இயற்றிய விதியால் நெசவு, தோல் தொழில்களில் இவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2021 பிப்ரவரி 3 முதல், துவைக்கத்தக்க துணிகளில் இப்பொருள் எடையில் நூற்றுக்கு 0.01 அளவை எட்டினாலே அங்கே விற்க முடியாது. ஏற்றுமதிக்கு நெய்யும் சங்கங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கொழுப்பு ஆல்கஹாலிலிருந்து செய்து, எளிதில் சிதையும் வகைகள் இதற்கு மாற்றாகக் கிடைக்கின்றன.

நம் சங்கங்களில் நூல் தருபவரும் பருத்தி விளைவிப்பவரும் ஒரே குடும்பத்தினர். ஒருவர் தொட்டியில் கலப்பது மற்றவர் வாய்க்காலில் ஓடுகிறது. எனவே அடுத்த கொள்முதலுக்கு முன் நிர்வாகக் குழுவினர் ஒரு குவளை, ஒரு சிட்டம், ஒரு கடிகாரம் ஆகியவற்றுடன் அமர்ந்து, வந்த மாதிரிகளைப் பரீட்சித்து, முடிவைப் பதிவேட்டில் எழுதி வைப்பார்களாக. சில விநாடிகளை எண்ணும் அந்தச் சிறு சிரமம், பல நாள் நெய்த துணியைக் காப்பாற்றும்.