தேரையைக் கொல்ல வேண்டாம், நாயைக் காப்போம்

போன ஐப்பசியில், நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் இரவு எட்டு மணி இருக்கும். எங்கள் தோட்டத்து நாய்க்குட்டி மணி, மோட்டார் அறை விளக்கடியில் எதையோ துரத்தி விளையாடிக்கொண்டிருந்தது. எட்டு மாதக் குட்டி, நாட்டு நாய். கொஞ்ச நேரத்தில் ஒரு மாதிரியாக முனகிக்கொண்டு ஓடி வந்தது. வாயெல்லாம் நுரை. முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறது, தலையை மண்ணில் தேய்க்கிறது.

"ஏங்க, பாம்பு கொத்திடுச்சு போல இருக்குங்க" என்று என் மனைவி பதறினார்.

தோட்டத்தில் எங்களோடு வேலை பார்க்கும் அண்ணன் டார்ச் அடித்துத் தேடிப் பார்த்துவிட்டு வந்தார். "பாம்பு இல்லீங்க சார். சொறித்தவளையைக் கவ்வியிருக்குது. அங்க பாருங்க." விளக்கடியில் ஒரு பெரிய தேரை உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குப் பின்னால் பால் போல வெள்ளையாகக் கசிந்திருந்தது.

நான் செய்த முதல் காரியமே தப்பு. குட்டியின் வாயைப் பிளந்து ஒரு சொம்பு தண்ணீரை நேராக ஊற்றினேன். அது புரையேறி இருமியது. அண்ணன்தான் என்னை விலக்கிவிட்டு, குட்டியின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நனைத்த துண்டால் ஈறு, நாக்கெல்லாம் துடைத்தார். பிறகு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் மதியம்தான் கஞ்சி குடித்தது. பிழைத்துக்கொண்டது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் முதல் நாய் ஒரு மழைநாள் காலையில் வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. பாம்பு என்று சொல்லிப் புதைத்தோம். அதுவும் இதுவாக இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார். ஆஸ்திரேலியாவில் ஆட்கள் தேரைகளைப் பிடித்துக் கொல்லும் வீடியோவைக் காட்டினார். "அவனே கொல்றான் சார். ரெண்டு கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கித் தூவி விடுங்க, ஒண்ணு மிஞ்சாது" என்றார். இருந்த கோபத்தில் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று செய்யாமல் விட்டதே நல்லது என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எது தேரை?

பெயரிலேயே குழப்பம் உண்டு. சில ஊர்களில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் மரத்தவளையைத் தேரை என்பார்கள். நான் சொல்வது சொறித்தவளையை. தோல் உலர்ந்து, மேலெல்லாம் பரு பருவாக இருக்கும். தவளை மாதிரி நீளமாகத் தாவாது, சின்னச் சின்னதாகக் குதித்து நகரும். தண்ணீரை விட்டுத் தள்ளி, கல்லிடுக்கு, வரப்புப் பொந்து, சாக்கு மூட்டைக்கு அடியில் பகலைக் கழித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வெளியே வரும்.

இதன் இரண்டு கண்களுக்கும் பின்னால் அவரை விதை போல ஒரு புடைப்பு இருக்கிறது. அதுதான் நஞ்சுச் சுரப்பி. தேரை கடிக்காது, கொட்டாது, துரத்தாது. எதிரி கவ்வி அழுத்தும்போதுதான் பால் கசியும். அந்தப் பாலில் இருப்பது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அரளியைத் தின்ற மாடு எப்படிச் சாகிறது என்று நமக்குத் தெரியும். அரளி நஞ்சும் தேரை நஞ்சும் இதயத்தில் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுத்துவிடும்.

வயல் தவளைகள் பெரும்பாலும் இப்படி இல்லை. அவற்றைக் கவ்வினால் நாய்க்குக் கொஞ்சம் எச்சில் வடியும், அவ்வளவுதான்.

அறிகுறிகள்

சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். வாயில் நுரை, நிற்காத எச்சில், வாயைப் பிறாண்டுவது, ஈறு செக்கச் சிவந்து போவது, வாந்தி. முற்றினால் தள்ளாட்டம், மூச்சு வாங்குவது, வலிப்பு, மயக்கம். வளர்ந்த நாய் ஒருமுறை நக்கிவிட்டுத் துப்பினால் பெரும்பாலும் எச்சிலோடு போய்விடும். குட்டிக்கும், தேரையை மென்று விழுங்கிய நாய்க்கும்தான் ஆபத்து அதிகம். எடை குறைவாக இருந்தால் அதே அளவு நஞ்சு கடுமையாக வேலை செய்யும்.

பூச்சிமருந்து உள்ளே போனாலும் எச்சில் வடியும், வலிப்பு வரும். பாம்புக் கடியிலும் நுரை தள்ளலாம். அதனால் தேரையைக் கண்ணால் பார்க்காத வரை 'தேரைதான்' என்று முடிவு கட்டி வீட்டில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். பக்கத்து வயலில் அன்று மருந்து அடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

1. வாயில் தேரையோ அதன் துண்டோ இருந்தால் எடுத்துவிடுங்கள். கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ போட்டுக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும், கவனம்.

2. நனைத்த துணியால் ஈறு, நாக்கு, மேலண்ணம் எல்லாம் துடையுங்கள். துணியை அலசி அலசித் திரும்பத் துடைக்க வேண்டும்.

3. தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் பக்கவாட்டில் இருந்து மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு பக்கம் போன தண்ணீர் மறுபக்கம் வெளியே விழ வேண்டும். தொண்டைக்குள் போகக் கூடாது. பத்து நிமிடமாவது கழுவுங்கள்.

4. வலிப்போ மயக்கமோ இருந்தால் தண்ணீர் விடவே கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

5. உப்புத் தண்ணீர், பால், மோர், எண்ணெய், எலுமிச்சை எதுவும் புகட்ட வேண்டாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையும் வேண்டாம்.

6. தேரையைச் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கழுவிய பிறகு நுரை நின்று நாய் தெளிவாக இருந்தாலும், இரவு முழுவதும் பார்த்துக்கொண்டே இருங்கள். குட்டியாக இருந்தாலோ, தள்ளாட்டம் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். பாம்புக் கடிக்கு உள்ளது போல, மருந்தகத்தில் தயாராக வைத்திருக்கும் முறிவு ஊசி இதற்குக் கிடையாது. மருத்துவர் இதயத் துடிப்பைப் பார்த்து அதற்கேற்ற மருந்து கொடுப்பார், வலிப்பை அடக்குவார், குளுக்கோஸ் ஏற்றுவார். அதனால் நேரம்தான் முக்கியம். கால்நடை உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஆனால் இரவில் வண்டி வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்காமல், பக்கத்தில் எந்த மருத்துவர் இரவிலும் பார்ப்பார் என்று இப்போதே விசாரித்துக் குறித்து வையுங்கள்.

அப்படியானால் கொன்றுவிடலாமே?

அந்த வீடியோவுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் கொல்வது அவர்கள் ஊர்த் தேரையை இல்லை. கரும்பைத் தாக்கும் வண்டுகளைத் தின்னும் என்று நம்பி, 1935இல் ஹவாய்த் தீவிலிருந்து குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்து விட்ட அமெரிக்கக் கரும்புத் தேரை அது. வண்டு குறையவில்லை, தேரைதான் பெருகியது. அந்த நஞ்சுக்குப் பழகாத அந்த ஊர் விலங்குகள் அதைத் தின்று செத்தன. நம் தேரையை விட அது உருவத்தில் மிகப் பெரியது, நஞ்சும் அதிகம். நம் தேரையே கப்பல் சரக்கோடு மடகாஸ்கர் போய்ச் சேர்ந்து, 2014 முதல் அங்கே பெரிய தலைவலியாகிவிட்டது. தப்பு தேரையிடம் இல்லை, இடம் மாற்றியதில்தான்.

நம் மண்ணில் அது காலங்காலமாக வாழ்கிறது. இரவெல்லாம் கரையான், எறும்பு, வண்டு, புழு, பாச்சை, ஈசல் என்று அகப்பட்டதைத் தின்கிறது. கூலி கேட்காமல் இராக் காவல் பார்க்கும் ஆள் அது. பூச்சிமருந்து வேண்டாம் என்று சொல்கிற நாமே அதைக் கொன்றால் அந்த வேலையை யார் செய்வது? வரவுப் பக்கத்தை மறைத்துவிட்டுச் செலவை மட்டும் காட்டுகிற கணக்கு அது.

பிளீச்சிங் பவுடரும் உப்பும் தேரையோடு நிற்பதும் இல்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களையும் மண்புழுவையும் சேர்த்தே அழிக்கும். தவளை, தேரைகளின் தோல் நீரையும் காற்றையும் உறிஞ்சும் தோல். அதில் மருந்து பட்டால் நேராக உடம்புக்குள் போய்விடும். தவளைக் கால் ஏற்றுமதிக்காக வயல் தவளைகளை மூட்டை மூட்டையாகப் பிடித்த காலம் நமக்கு நினைவிருக்கும். 1987இல் அந்த ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது.

ஏற்கனவே தேரைமேல் நாம் ஒரு பழியைச் சுமத்தியிருக்கிறோம். பருப்பில்லாத தேங்காயைத் 'தேரை மோந்த காய்' என்கிறோம். மகரந்தச் சேர்க்கைக் குறைவும் சத்துக் குறைவும் செய்கிற வேலைக்கு அது பேர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் செய்திருக்கும் மாற்றங்கள்

மழைக்காலத்தில் பொழுது சாய்ந்ததும் குட்டியைக் கட்டிவிடுகிறோம். வெளியே கூட்டிப் போனால் கயிறும் டார்ச்சும் கட்டாயம்.

வாசல் விளக்கைத் தேவையில்லாமல் எரிய விடுவதில்லை. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும்.

நாய்த் தட்டை இருட்டுவதற்கு முன்பே கழுவி எடுத்துவிடுகிறோம். மிச்சச் சோற்றுக்கு எறும்பும் பாச்சையும் வந்தால் பின்னாலேயே தேரை வரும். தண்ணீர்ச் சட்டியைக் கல்மேல் உயர்த்தி வைத்து, தினமும் மாற்றுகிறோம்.

நாய்க் கொட்டகையைச் சுற்றிக் கிடந்த செங்கல், சாக்கு, மட்டைகளை அப்புறப்படுத்தினோம். அதற்குப் பதிலாகக் காய்கறிப் பாத்தியின் நிழலில் நான்கு உடைந்த பானைகளைப் பாதி புதைத்து, மண்ணை ஈரமாக வைத்திருக்கிறோம். வாசலுக்கு வரும் தேரையை முறத்தில் தள்ளி எடுத்துப் போய் அங்கே விடுகிறோம். தொட்டால் மரு வராது. ஆனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணில் வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

'விடு' என்றால் வாயிலிருப்பதைப் போடுவதற்கு மணியைப் பழக்கியிருக்கிறோம். இப்போது தேரையைக் கண்டால் தூரத்தில் நின்று குரைக்கிறது, கிட்டே போவதில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் போன வாரம் கத்திரிப் பாத்தியைப் பார்க்க வந்தார். பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்லயும் ரெண்டு உடைஞ்ச பானை கிடக்குது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.