நமுத்தது எந்த வெடி?

சரவெடியில் நடுவே ஒன்று நமுத்திருந்தால் காது உடனே கண்டுகொள்ளும். சிவகாசிச் சீமைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காரில் 'மிஸ்ஸிங்' என்பதும் அதுதான்: ஏதோ ஒரு சிலிண்டரில் வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்கவில்லை. டைமிங் பெல்ட் மாற்றிய மறுநாள் அந்தச் சத்தம் கேட்டால் காரியாபட்டியிலும் சரி, அருப்புக்கோட்டையிலும் சரி, தீர்ப்பு ஒன்றே: "பல் மாத்திப் போட்டுட்டாங்க."

"பெல்ட் மாற்றிய பிறகுதானே வந்தது? அப்போ பெல்ட்தான்."

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தத் தாளத்தைக் கட்டிக்காப்பதுதான் பெல்ட்டின் முக்கிய வேலை. கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தவறினால் 18 டிகிரி பிசகும். வால்வு திறப்பதும் மூடுவதும் அந்த அளவுக்கு முந்தும் அல்லது பிந்தும். ஆனால் நம் ஊர் சின்னக் கார்களில் எல்லா சிலிண்டருக்கும் கேம் பொது. பிசகும் பொதுவாகத்தான் வரும். ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலில் உதறும், பாலம் ஏறும்போது இழுக்காது. மற்ற சிலிண்டர்கள் சுத்தமாக ஓடிக்கொண்டிருக்க, மூன்றாவது சிலிண்டர் மட்டும் படுத்துக்கொண்டால் அதைப் பல் தவறியதன் கணக்கில் எழுத முடியாது.

அப்படியானால் எது? பெல்ட்டை எட்டுவதற்காகக் கை எதையெல்லாம் கழற்றியதோ, அதெல்லாம். பிளக் ஒயர் முழுதாக உட்காராமல் இருக்கலாம். பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். ஏர் ஃபில்டர் குழாயை மாட்டும்போது பக்கத்து வேக்குவம் ஹோஸ் நழுவியிருக்கலாம். எஞ்சின் மவுண்ட்டைக் கழற்றியவர் எர்த் ஒயரைத் திரும்ப முடுக்காமல் விட்டிருக்கலாம். சென்சார் கனெக்டர் 'டக்' என்று பூட்டாமல் தொங்கலாம். பிளக் ஒயர்களே இடம் மாறியிருந்தால் சமாசாரம் மிஸ்ஸிங்கோடு நிற்காது. மாருதி 800, ஓம்னி இரண்டிலும் இருந்த 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினில் வெடிக்கும் வரிசை 1-3-2. இரண்டையும் மூன்றையும் மாற்றி மாட்டினால் வண்டி சரியாக ஸ்டார்ட்டே ஆகாது. கார்புரேட்டர் வழியாகத் தீபாவளி கொண்டாடும்.

படுத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வண்டியை ஐடிலில் விட்டு, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தினாலும் ஓட்டம் இன்னும் மோசமாக வேண்டும். எதை நிறுத்தியும் மாற்றம் இல்லையோ, அதுதான் நமுத்த வெடி. பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய பழக்கம். இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் அதைச் செய்யாதீர்கள், காயில் போய்விடும். அங்கே இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றினால் போதும்.

கேஸ் கிட் மாட்டிய ஓம்னிக்கு இன்னொரு சோதனை. கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். கேஸில் மட்டும் மிஸ்ஸிங், பெட்ரோலில் சுத்தம் என்றால் முதலில் பிளக்கையும் ஒயரையும் பாருங்கள்.

"மார்க் சேர்ந்திருக்கு, டைமிங் பக்கா."

எந்த மார்க்? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கே பல வருடம் ஆனது. சில வண்டிகளில் வெளிப் புல்லியில் ஒரு மார்க், உள்ளே பல்சக்கரத்தில் இன்னொன்று. வெளிப் புல்லியின் நடுவில் ரப்பர் இருந்தால், அது வயதாகி நழுவி, வெளி வளையம் மார்க்கோடு சேர்ந்து நகர்ந்திருக்கும். அதை நம்பிப் போட்டால் கண்ணுக்குச் சரி, எஞ்சினுக்குத் தப்பு. டென்ஷனர் பக்கத்துத் தொய்வை எடுக்காமல் மார்க்கைப் பார்ப்பதும் இதே ரகம்தான்.

பெல்ட் போட்டபின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்ற வேண்டும். மார்க்குகள் திரும்ப அதே இடத்துக்கு வர வேண்டும். நடுவில் எங்காவது இடித்தால் நிறுத்துங்கள். பிஸ்டன் வால்வை முட்டும் வகை எஞ்சினாக இருந்தால் அந்த இடிதான் எச்சரிக்கை. "ஒரு செல்ஃப் அடிச்சுப் பாத்துருவோம்ணே" என்பவரை அந்த நேரத்தில் டீ குடிக்க அனுப்பிவிடலாம். வளைந்த வால்வுதான் பெல்ட் பிசகால் ஒரே சிலிண்டர் படுத்துக்கொள்ளும் வழி. கம்ப்ரஷன் கேஜ் அதைச் சொல்லிவிடும்: எல்லா சிலிண்டரிலும் ஒருசேரக் குறைந்திருந்தால் சந்தேகம் டைமிங் மேல், ஒன்றில் மட்டும் அடியோடு விழுந்திருந்தால் வால்வு மேல்.

"ஸ்கேனர் போட்டா எல்லாம் சொல்லிரும்."

பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஸிங். ஏன் என்று அது சொல்லாது. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி. பி0016 வந்தால் மட்டும், கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பெல்ட் கவரைத் திரும்பத் திறக்க ஒரு நியாயம் உண்டு. கார்புரேட்டர் ஓம்னிக்கு ஸ்கேனரைச் சொருக இடமே இல்லை.

"நூறு கிலோமீட்டர் ஓடினா செட்டாயிரும்."

பெல்ட் செருப்பு அல்ல, போடப் போடப் பழகுவதற்கு. பேட்டரியைக் கழற்றி மாட்டிய வண்டியில் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கி, ஓட ஓட நிதானப்படும்; அது வேறு. மிஸ்ஸிங்கோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுத் தீர்த்துவிடும். பெல்ட் விலையில் அதை வாங்க முடியாது.

மாட்டுத்தாவணிக்கு மல்லிகை ஏற்றும் ஓம்னி ஒன்று எனக்குப் பழக்கம். பெல்ட் மாற்றிய மறுநாளே மிஸ்ஸிங். இரண்டு முறை பெல்ட்டைப் பிரித்துப் போட்டார்கள். இரண்டு நாள் பூ பஸ்ஸில் போனது. மூன்றாம் நாள் இரவு கரண்ட் போயிருந்த நேரத்தில், சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார்கள். மூன்றாவது பிளக் ஒயரிலிருந்து பக்கத்துத் தகரத்துக்கு நீலப்பொறி தாவிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கும் பொறிக்கும் கணக்கு அப்படியே பொருந்தியது. பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "திரியே அந்து கெடக்கு, நான் மருந்தச் சோதிச்சுக்கிட்டு இருந்துருக்கேன்" என்றார்.