ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தம்பி, தங்கைகளே! பாலியல் வன்முறை வழக்கில் நம் மேசைக்கு வரும் மாதிரியை மறுபடி கேட்டு வாங்க முடியாது. பாதிக்கப்பட்ட பெண் வேதனையோடு ஒரே முறை கொடுத்தது அது. அதைக் கெடுக்காமல் காப்பதே நம் முதல் வேலை.

1. முத்திரையைப் பார்க்காமல் உறையைப் பிரிக்காதீர்கள். அரக்கு முத்திரை, மாதிரி முத்திரையோடு ஒத்திருக்கிறதா, குற்ற எண் சரியா என்று குறித்த பிறகே கத்தரியை எடுங்கள். யார் கையிலிருந்து யாருக்கு மாறியது என்பதில் இடைவெளி விழுந்தால், குறுக்கு விசாரணையில் மொத்த ஆய்வும் ஆட்டம் காணும்.

2. ஈரத்துக்கு அஞ்சுங்கள். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். வெயில் படாமல் காற்றில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள்.

3. பாதிக்கப்பட்டவரின் பொருளையும் சந்தேக நபரின் பொருளையும் ஒரே மேசையில், ஒரே வேளையில் திறக்காதீர்கள். ஒன்றின் டிஎன்ஏ மற்றொன்றில் தொற்றிவிடும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 2008-ல் ஓர் இளைஞருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. சான்று டிஎன்ஏ மட்டுமே. முந்தைய நாள் அதே இடத்தில் வேறொரு பெண்ணிடம் எடுத்த மாதிரியிலிருந்து அது தொற்றியிருக்கலாம் என்று பின்னர் தெரிந்தது. அவர் ஓராண்டுக்கு மேல் சிறையில் கழித்த பிறகே விடுதலையானார்.

4. நிற மாற்றத்தைக் கண்டு முடிவுக்கு வராதீர்கள். ஆசிட் பாஸ்பட்டேஸ் சோதனையில் நிறம் வந்தால், விந்து இருக்கலாம் என்று மட்டுமே பொருள். நுண்ணோக்கியில் விந்தணு தெரியாவிட்டாலும் வேலையை நிறுத்தாதீர்கள். கருத்தடை அறுவை செய்துகொண்டவரின் விந்தில் விந்தணு இராது; பிஎஸ்ஏ புரதம் இருக்கும். பெண்ணின் டிஎன்ஏ மிகுந்த கலவையிலும் ஒய் குரோமோசோம் சோதனை ஆணின் தடத்தைக் காட்டும்.

5. டிஎன்ஏ பிரித்தெடுப்பில் அவசரம் வேண்டாம். பெண்ணின் செல்கள் முதலில் உடையும். விந்தணுவின் தலை இறுகியது, டைதயோத்ரைட்டால் (DTT) என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால்தான் திறக்கும். இடையில் நன்றாகக் கழுவாவிட்டால் இரண்டும் கலந்துவிடும். மாதிரி முழுவதையும் தீர்க்காமல், மறு ஆய்வுக்கு ஒரு பகுதியை மீதம் வையுங்கள்.

6. கண்டதை மட்டும் எழுதுங்கள். 'விந்து கண்டறியப்படவில்லை' என்பது 'வன்முறை நடக்கவில்லை' ஆகாது. ஆணுறை, குளியல், கடந்துபோன நாட்கள் எனக் காரணம் பல. அதேபோல டிஎன்ஏ ஆளைச் சொல்லும். சம்மதம் இருந்ததா என்று சொல்லாது.

7. உறைகளைத் தேங்கவிடாதீர்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2009-ல் காவல் துறைக் கிடங்கு ஒன்றில் சுமார் 11,000 மாதிரித் தொகுப்புகள் கிடந்தன. அவற்றைப் பரிசோதித்தபோது, பல பெண்களைத் தொடர்ந்து தாக்கியவர்கள் அடையாளம் தெரிந்தார்கள். முன்பே பார்த்திருந்தால் அந்தப் பெண்களில் சிலர் தப்பியிருப்பார்கள். ஆகவே வேகமாக வேலை செய்யுங்கள். ஆனால் வேகத்துக்காக மேலே சொன்ன ஆறில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.