கணக்கும் ஓர் உறுதிதான்

காணியை விட்டு வர நேர்ந்தாலும் காணி உறுதியை விட்டு வரக்கூடாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய காலந்தொட்டு நம் மக்கள் இதைப் பட்டறிந்தே வந்துள்ளனர். இன்று அதேபோலக் காக்கவேண்டிய இன்னோர் உடைமையும் நம்மிடம் சேர்ந்துள்ளது.

மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, மரக்கறி ஆகியவற்றை விற்பதற்குக் குடும்பங்களும் மாதர் குழுக்களும் வட்ஸ்அப், முகநூல் கணக்குகளைப் பாவிக்கின்றன. சந்தையில் கடை இல்லாதவருக்கு அந்தக் கணக்கே கடை. ஊர் மாறினாலும் அது கூடவே வரும். வாடிக்கையாளரின் தொடர்பும், அவர்கள் நம்மீது வைத்த நம்பிக்கையும் அதிலேயே தங்கியுள்ளன.

கள்வர் வரும் வழி

ஒரு வட்ஸ்அப் கணக்கைப் புதிய தொலைபேசியில் திறப்பதற்கு, அந்தக் கணக்குக்குரிய இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியில் ஒரு குறியீடு வரும். அதில் ஆறு எண்கள் இருக்கும். கள்வன் தன் தொலைபேசியில் நமது இலக்கத்தைப் பதிகிறான். குறியீடு நமக்கு வருகிறது. உடனே நமக்குத் தெரிந்த ஒருவரின் பெயரில், “எனது குறியீடு தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்” என்று செய்தி வருகிறது. அந்தத் தெரிந்தவரின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். நாம் குறியீட்டை அனுப்பினால் நமது கணக்கும் போய்விடும். பின்னர் நமது பெயரால், “அவசரம், பணம் போடுங்கள்” என்று நம் வாடிக்கையாளரிடம் கேட்பான். பணம் அவர்களுக்கு நட்டம். பெயர் நமக்கு நட்டம்.

ஆடுகள் தம் ஆயனின் குரலை அறியும் என்பது நாம் அறிந்த நற்செய்தி. ஆனால் எழுதி வரும் செய்தியில் குரல் இல்லை; பெயரும் படமும் மட்டுமே உண்டு. ஆகையால் பணம் கேட்டு எவர் எழுதினாலும், அவரது இலக்கத்துக்குச் சாதாரண அழைப்பு எடுத்து, பேசி உறுதிசெய்த பின்னரே உதவவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

1. குறியீட்டை எவருக்கும் கொடுக்கக்கூடாது. வங்கியின் பெயரால் கேட்டாலும், பங்கின் பெயரால் கேட்டாலும் கொடுக்கக்கூடாது.

2. வட்ஸ்அப்பின் அமைப்புகளில், கணக்கு என்ற பகுதியில், இரு படிச் சரிபார்ப்பு உண்டு. அதில் ஆறு எண்கள் கொண்ட ஓர் இரகசிய எண்ணை இடுங்கள். பிறந்த திகதி வேண்டாம். இது கதவுக்கு இரண்டாவது பூட்டு.

3. சிம் அட்டை யாருடைய அடையாள அட்டையில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். தொலைபேசி தொலைந்தால், அதே இலக்கத்தில் புதிய சிம் பெறுவதற்குப் பதிவு உரிமையாளரே செல்லவேண்டும். நீண்ட காலம் பாவிக்காத இலக்கம் வேறொருவருக்கு வழங்கப்படவும் கூடும்.

4. “இணைக்கப்பட்ட சாதனங்கள்” என்ற பகுதியை இடைக்கிடை பாருங்கள். நமக்குத் தெரியாத கணினியோ தொலைபேசியோ அங்கே இருந்தால் அகற்றிவிடுங்கள்.

5. குழுவின் முகநூல் பக்கத்துக்கு நம்பிக்கையான இருவருக்கு முழு அதிகாரம் இருக்கட்டும். ஒருவர் விலகினால் அவரது அதிகாரத்தையும் அன்றே நீக்குங்கள்.

6. வாடிக்கையாளரின் பெயரையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கணக்குப் பறிபோனால்

நமது தொலைபேசியில் வட்ஸ்அப்பை மீண்டும் பதிந்து, புதிதாக வரும் குறியீட்டை இடுங்கள். கள்வன் வெளியேற்றப்படுவான். அவன் இரு படி எண் ஒன்றை இட்டிருந்தால், நாம் கணக்கைத் திறக்க 7 நாட்கள் பொறுக்கவேண்டும். அதற்கிடையில் கொப்பியை எடுத்து, வாடிக்கையாளரை அழைத்து எச்சரியுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். பிறர் கணக்கினுள் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றமாகும். ஆகவே பொலிசில் முறையிடத் தயங்கவேண்டாம்.

குழுவில் கலந்துரையாட

1. நமது குழுவின் கணக்கு யாருடைய சிம் இலக்கத்தில் உள்ளது?

2. அவர் நாளை வேறு ஊருக்குச் சென்றால் கணக்கு யாரிடம் இருக்கும்?

3. இரண்டாவது பூட்டு இன்னும் இடாதவர் யார்? இக்கூட்டம் முடியுமுன் அவருக்கு உதவப்போவது யார்?